பெருவிரலுக்கு ஒரு பூட்டு

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு வீடு கைமாறினால், வாங்குபவரும் விற்பவரும் பத்திரத்தில் விரல் ரேகை வைத்தாக வேண்டும். பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடே திருடர்களுக்கும் வழிகாட்டியது. 2018இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்ற ஒருவர், பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சு செய்து, பிறர் பெயரில் சிம் வாங்கிப் பிடிபட்டார். அடுத்து இதே தந்திரம் வங்கிக் கணக்குகள் பக்கம் திரும்பியது. ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை இருந்தால் போதும். ஏடிஎம் கார்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

ரேகை படிக்கும் கருவி எப்படி ஏமாறுகிறது? கண்ணாடியில் விரலை வைத்ததும் உள்ளிருந்து ஒளி பாய்கிறது. ரேகையின் மேடுகள் கண்ணாடியைத் தொடும்; பள்ளங்கள் தொடாது. அந்த வேறுபாடு படமாகிறது. கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளைக் கருவி ஒப்பிடுகிறது. அதே மேடுபள்ளம் சிலிக்கோனில் இருந்தாலும் புள்ளிகள் பொருந்திவிடும். ஜப்பானியப் பேராசிரியர் மட்சுமோட்டோ 2002இலேயே ஜெலட்டின் விரலால் இதை நிரூபித்தார். 2014இல் ஜெர்மனியின் யான் கிரிஸ்லர், அமைச்சர் ஒருவரின் பெருவிரல் ரேகையைப் புகைப்படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார். வைத்தது உயிருள்ள விரல்தானா என்று கண்டறியும் கூடுதல் சோதனையை ஆதார் ஆணையம் 2023இல் கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

அதனால் பூட்டு நம் கையில் இருக்கட்டும். எம்ஆதார் செயலியிலோ மைஆதார் தளத்திலோ பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் ரேகையை யார் வைத்தாலும் ஆதார் சரிபார்ப்பு நடக்காது. ரேஷன் கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். நகல் கேட்பவர்களுக்கு முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரையே கொடுங்கள். "பதியலீங்க, இன்னொரு தடவை வைங்க" என்று யாராவது சொன்னால், முதல் முறை என்ன ஆனது என்று கேட்டு, திரையைப் பார்த்த பிறகு விரலை வையுங்கள். நீங்கள் எடுக்காத பணம் கணக்கிலிருந்து போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். வங்கிக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பூட்டை இன்றே போட்டுக் கொடுங்கள்.