தண்டனை தீர்ந்தும் தீராத பதிவு
மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்

முன்னுரை

'அடியாத மாடு படியாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. நெடுங்காலம் உலகத்துச் சட்டங்கள் பலவும் இப்பழமொழியின் வழியிலேயே நடந்து வந்தன. வயிற்றுக்காகத் திருடியவனுக்கும் சிறை. தெருவில் கைகலந்தவனுக்கும் சிறை. முதன்முறை தவறிய இளைஞனைப் பழுத்த குற்றவாளிகளோடு அடைத்தால் அவன் திருந்துவானா, அவர்களிடம் பாடம் கற்று வருவானா? இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்ததே நன்னடத்தைப் பிணை என்னும் முறையாகும்.

என் தாய்மாமன் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். விடுமுறை நாட்களில் அவருக்குத் துணையாக நீதிமன்ற வளாகத்திற்குச் சென்று வருவது என் வழக்கம். அங்கே நான் மிகுதியும் கேட்ட கேள்வி ஒன்றுண்டு: "பிணைக் காலம் முடிந்துவிட்டது, என் பேரில் இருந்த கேஸ் அழிந்துவிட்டது அல்லவா?" ஆம் என்றே பலரும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையின் தோற்றம்

1841-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஒரு குடிகாரன் நிறுத்தப்பட்டான். ஜான் அகஸ்டஸ் என்னும் காலணி செய்பவர் முன்வந்து, அவனுக்குத் தாம் பொறுப்பேற்பதாகக் கூறினார். மூன்று வாரம் கழித்து அவன் தெளிந்த மனிதனாக நீதிமன்றம் வந்தான். நீதிபதி சிறைக்குப் பதிலாக ஒரு சென்ட் அபராதமும் செலவுத் தொகையும் மட்டுமே விதித்தார். ஓர் எளிய தொழிலாளி தொடங்கிய இப்பணியே 1878-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமாயிற்று.

நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562-ஆம் பிரிவு இதற்கு விதையிட்டது. அன்றைய சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டிலேயே தனக்கெனத் தனிச் சட்டம் கண்டது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. பின்னர் நாடு முழுமைக்கும் பொதுவாக 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்ட போதிலும், இந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்து வருகிறது.

சட்டம் கூறுவது யாது?

மூன்றாம் பிரிவின்படி, சிறு திருட்டு, ஏமாற்று போன்ற சில குற்றங்களிலும், இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களிலும், முன் தண்டனை இல்லாதவரை நீதிமன்றம் கண்டித்து அனுப்பிவிடலாம். நான்காம் பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றமாயின், 3 ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கி விடுவிக்கலாம். வேண்டுமாயின் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம்.

நம் வயதினர் நெஞ்சில் நிறுத்த வேண்டியது ஆறாம் பிரிவு. 21 வயது நிரம்பாத ஒருவரை, ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்திற்காகச் சிறைக்கு அனுப்புமுன், நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று ஆராய வேண்டும். சிறைதான் வேண்டும் என்று கருதினால் அதற்குரிய காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

பன்னிரண்டாம் பிரிவும் அதன் எல்லையும்

மூன்றாம் அல்லது நான்காம் பிரிவின்படி விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்பினால் வேறு எந்தச் சட்டத்தின்படியும் வரக்கூடிய தகுதியின்மை வராது என்கிறது பன்னிரண்டாம் பிரிவு. பிணையை மீறி, பின்னர் அதே குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவருக்கு மட்டும் இச்சலுகை இல்லை.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். தகுதியின்மை நீங்குவது வேறு. தீர்ப்பே நீங்குவது வேறு. ஆசிரியர் மாணவனை மன்னித்து வகுப்பில் அமர விடுகிறார். அதனால் அவன் அன்று வகுப்பிற்கு வராதது வந்ததாக ஆகிவிடுமா? வருகைப் பதிவேட்டில் அக்குறி இருக்கத்தானே செய்யும்! 1990-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக் காவலர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டதால் குற்றத் தீர்ப்பு துடைக்கப்படுவதில்லை. அந்நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஒரு படிவம், ஒரு சொல்

எங்கள் ஊர்க்காரர் ஒருவர், நான் 'அண்ணன்' என்றழைப்பவர், பத்தொன்பதாம் வயதில் திருவிழாக் கைகலப்பு ஒன்றில் சிக்கினார். நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. பிணைக் காலத்தில் அவர் மேல் ஒரு சொல் பழுதில்லை. சில ஆண்டுகள் கழித்து அரசுப் பணி ஒன்றிற்குத் தேர்வானார். சரிபார்ப்புப் படிவத்தில், 'எப்போதேனும் குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டதுண்டா?' என்று ஒரு வினா. "அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே, இல்லை என்று எழுது" என்றார் உடனிருந்தவர். அவரும் எழுதினார். காவல்துறைச் சரிபார்ப்பில் உண்மை வெளிவந்தது, வேலை கைநழுவியது. கைகலப்புக்காக அன்று, மறைத்ததற்காக!

2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இவ்வகை வழக்குகளுக்கு வழிகாட்டும் நெறிகளை வகுத்தது. படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருத்தல் வேண்டும். இளமையில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்காயின், மறைத்ததை அதிகாரி மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. தகுதியை ஆராயும் உரிமை அதிகாரிக்கு உண்டு. படிவம் எதைக் கேட்கிறதோ அதற்கு விடை சொன்னால் போதும். கேளாததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டலாகாது.

2011-இல் டெல்லி காவல்துறைப் பணி குறித்த வழக்கொன்றில், இளமைப் பிழையைப் பெரிதுபடுத்தலாகாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், விக்டர் ஹியூகோவின் ஜீன் வல்ஜீனை நினைவுகூர்ந்தது. சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பான 'ஏழை படும் பாடு' படித்தோர் அவனை அறிவர். ரொட்டி திருடியவன் என்ற முத்திரை அவனை வாழ்நாளெல்லாம் துரத்தியதன்றோ!

சிறார்க்கு ஒரு நீதி

பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குச் சட்டம் இன்னும் கனிவுடையது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தகுதியின்மையை நீக்குவதோடு நில்லாமல், உரிய காலத்திற்குப் பின் பதிவுகளையே அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றத்திற்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்ட, பதினாறு வயது கடந்தோர் மட்டும் இதற்கு விலக்கு.

பதினேழு வயதில் தவறியவனுக்குப் பதிவு அழிகிறது. பத்தொன்பதில் தவறியவனுக்கு அழிவதில்லை. வயது வந்தோரின் குற்றப் பதிவை முற்றிலும் அழிக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த காலம் வரை மீண்டும் குற்றம் புரியாதவரின் பழைய தீர்ப்பு காலாவதியானதாகக் கருதப்படும். காவல், கல்வி போன்ற சில பணிகள் நீங்கலாக, அதை அவர் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய சட்டம் நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

நாம் செய்யத் தக்கவை

அதுவரை நாம் என் செய்வது? வழக்கு நடக்கும்போதே ஆறாம் பிரிவையும் நான்காம் பிரிவையும் எடுத்துச் சொல்லுமாறு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். பொருள் வசதி அற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை நாடலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். படிவம் வந்தால் ஒவ்வொரு வினாவையும் இருமுறை படிக்க வேண்டும். 'கைதானதுண்டா', 'வழக்கு நிலுவையில் உண்டா', 'குற்றத் தீர்ப்பு உண்டா' என்பன வெவ்வேறு வினாக்கள். உண்மையை எழுதி, 'நன்னடத்தைச் சட்டப் பிரிவு 4-இன்படி விடுவிக்கப்பட்டேன். பிரிவு 12 பொருந்தும்' என்று குறித்து, நகலையும் இணைக்க வேண்டும்.

முடிவுரை

நன்னடத்தைச் சட்டம் சிறைக் கதவை அடைத்து வாழ்க்கைக் கதவைத் திறந்து வைக்கிறது. ஆயின் ஏட்டில் எழுதியதை அது அழிப்பதில்லை. உண்மையைச் சொல்லும் துணிவு இளைஞனுக்கு வேண்டும். சொன்னவனை அதற்காகவே தள்ளாத பெருந்தன்மை சமுதாயத்திற்கு வேண்டும். நாளை அதிகாரிகளாக அமர்ந்து இப்படிவங்களைப் புரட்டப்போகிறவர்கள் நம்முள்ளும் இருப்பர். அன்று அந்த ஒரு வரியை மட்டும் பாராது, அதற்குப் பின்வந்த ஆண்டுகளையும் அவர்கள் பார்ப்பார்களாக!