கிறித்தவ சமயத்திற் பலியும் மீட்பும்

பிறர் கொள்கையை ஆராயப் புகுவார், முதற்கண் அக்கொள்கையை அதனைக் கொண்டார் ஒப்புமாறு எடுத்துரைத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்து, பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தின் கொள்கையையும் முன்னர்க் கூறிப் பின்னரே மறுத்தமை இம்முறைக்குச் சான்றாம். கிறித்தவ சமயத்தைப் பற்றிப் பேசுமிடத்து இம்முறை நம்மவராற் பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. "ஒருவன் செய்த வினை மற்றொருவன் உயிர்விடுதலால் தீருமோ? குருதி கண்டாலன்றிச் சினந்தணியாதவர் கடவுளாவரோ?" என்னும் இரு வினாக்களோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. யானும் இளமையில் ஓர் அவையில் இவ்விரு வினாக்களையே விடுத்து, வென்றேன் என்று எண்ணி வீடு திரும்பியதுண்டு. அவ்வினாக்கள் பொருளுடையனவே. ஆயின் கிறித்தவ ஆசிரியர் தாமே அவற்றைப் பல நூற்றாண்டுகளாக எழுப்பித் தம்முள் வாதித்து வந்துள்ளனர் என்பதனை அன்று யான் அறியேன். அவர் கொள்ளாத கொள்கையை மறுத்தல் மறுப்பாகாது. ஆதலின் ஈண்டு அவர் கொள்கை இன்னதென்பதனை மட்டும் இயன்றவாறு விளக்குவாம்.

1. பலி

பலி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் ஆடு கோழிகளை வெட்டுதலே பலர்க்கு நினைவில் வரும். சொல்லின் பொருள் அவ்வளவிற் சுருங்குவதன்று. நம் திருக்கோயில்களிற் பலிபீடத்தில் இடப்படுவது அன்னமே. பிட்சாடன மூர்த்தி பலி தேர்ந்தார் என்னுமிடத்துப் பலியாவது மகளிர் இடும் பிச்சையே. இடப்படுவது, படைக்கப்படுவது என்பதே அதன் பொதுப்பொருள்.

இயேசு பிறந்த யூத மரபின் மொழியாகிய எபிரெயத்திற் பலியைக் குறிக்கும் பொதுச்சொல் 'கொர்பான்' என்பது. அஃது அணுகுதல் என்னும் பொருளுடைய பகுதியினின்றும் பிறந்தது. கடவுளை அணுகுவான் கொண்டு செல்லும் பொருளே கொர்பான். லேவியராகமம் அதனை ஐவகையாக வகுக்கும்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்பன அவை. இவற்றுட் போஜனபலி மாவும் எண்ணெயும் சாம்பிராணியும் கொண்டது. அதன்கண் உயிர்க்கொலை இல்லை. பாவநிவாரணபலிக்கும், ஆடு கொடுக்க இயலாத வறியவன் இரு புறாக்களையும், அவையும் இயலாதவன் சிறிதளவு மாவையும் கொடுக்கலாம் என அந்நூலே விதிக்கின்றது. எனவே குருதியின்றேல் பாவநீக்கமே இல்லை என்பது அம்மரபின் முழுவிதியன்று என்பது பெறப்படும்.

குற்றநிவாரணபலியின் விதி இன்னும் கருதத்தக்கது. பிறன் பொருளை வஞ்சித்துக் கொண்டவன், முதலில் அப்பொருளையும் அதனோடு ஐந்திலொரு பங்கையும் உடையவனிடம் கொடுத்தல் வேண்டும். ஆட்டுக்கடாவைப் பலியாகக் கொணர்தல் அதனோடு சேர்ந்ததே. இழைத்த தீங்கினை ஈடுசெய்யாது பலியிட்டுத் தப்புதற்கு ஈண்டு இடமில்லை. துணிந்து கடவுளை இகழ்ந்து செய்த பாவத்திற்குப் பலியே இல்லை என எண்ணாகமம் கூறும்.

குருதி எதற்கு எனின், ஊனுடம்பின் உயிர் குருதியில் உள்ளது என்பது அவர் கருத்து. ஆதலின் குருதியைத் தெளித்தல் உயிரைக் கடவுளுக்கு ஒப்புவித்தலும், மாசுற்ற இடத்தைத் தூய்மை செய்தலும் ஆம். ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய பாவநிவிர்த்தி நாளில் தலைமைக் குரு மகாபரிசுத்த இடத்துட் புகுந்து, கிருபாசனத்தின்மீது குருதியைத் தெளிப்பர். அந்நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொணரப்படும். சீட்டு விழுந்தபடி ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமீது குரு இரு கைகளையும் வைத்து மக்கள் பாவங்களை அறிக்கையிட்டு, அதனைக் காட்டிற்கு ஓட்டிவிடுவர். பாவங்களைச் சுமந்து செல்லும் கடா கொல்லப்படுவதில்லை என்பது கவனிக்கற்பாலது. கொல்லப்படும் விலங்கு மனிதனுக்குரிய தண்டனையை அவனுக்காக ஏற்கின்றது என்பதே பலியின் முழுப்பொருள் எனக் கொள்வார்க்கு இது பெருந்தடையாகும்.

இப்பலிகளையும் நெஞ்சத் தூய்மையின்றிச் செய்தலை அம்மரபின் தீர்க்கதரிசிகளே கடிந்தனர். ஆமோசு, ஓசியா, மீகா, ஏசாயா என்போர், நீதியும் இரக்கமும் இல்லாதவிடத்துக் கடவுள் பலியை விரும்பார் என முழங்கினர். கி. பி. 70-இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தபின் பலிகள் நின்றன. யூதர் வழிபாடு, மனந்திரும்புதல், அறம் என்பவற்றால் தம் சமயத்தை நடத்தி வருகின்றனர்.

2. மீட்பு

மீட்டல் என்பது மீள என்பதன் பிறவினை. போயதனை மீளச் செய்தல். தமிழில் இச்சொற்கு இருவகை வழக்குண்டு. அடகு வைத்த நிலத்தையும் நகையையும் பணங்கொடுத்து மீட்கின்றோம். இது விலை கொடுத்து மீட்டல். பகைவர் கவர்ந்த ஆநிரையைக் கரந்தை சூடிய மறவர் பொருது மீட்டனர். இது வென்று மீட்டல். இவ்விரண்டும் கிறித்தவர் கூறும் மீட்பினுள் அடங்கியுள்ளன.

எபிரெய மரபில் வறுமையால் நிலத்தை விற்றவனுக்காகவும், தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவனுக்காகவும் விலை கொடுத்து மீட்கும் உரிமை நெருங்கிய உறவினனுக்கு உண்டு. அவனுக்குக் 'கோஏல்' என்பது பெயர். இங்ஙனம் மீட்பவன் அயலானல்லன், குருதியுறவுடையான் என்பதனை நினைவிற் கொள்க. மற்றொருபால், எகிப்திய அடிமைத்தனத்தினின்றும் கடவுள் இசுரவேலரை வலிய கையால் விடுவித்தமை மீட்பெனப்படும். அவ்விரவிற் கதவுநிலைகளிற் பூசிய ஆட்டுக்குட்டியின் குருதியை நினைவுகூர்வதே பஸ்கா விழா. அது பாவநிவாரணபலியன்று, விடுதலையின் அடையாளம்.

உரோமப் பேரரசின் ஆட்சித்தலைவன் பொந்தியு பிலாத்து கி. பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டனன். அவன் ஆணையால் இயேசு சிலுவையில் அறையப்பட்டது அப்பஸ்காக் காலத்தேயாம். ஆதலின் அவர் மாணாக்கர் அம்மரணத்தைப் பொருளுணரப் புகுந்தபோது, பஸ்கா ஆட்டுக்குட்டி, பாவநிவிர்த்தி நாள், பிறர்க்காகத் துன்புறும் அடியவனைப் பற்றிய ஏசாயாவின் பகுதி, அடிமையை விடுவிக்கும் விலை ஆகிய எல்லாம் ஒருங்கே அவர்க்கு உதவின. மாற்கு சுவிசேடம் அவர் உயிரை மீட்கும்பொருள் என்கின்றது. பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தில், கிருபாசனத்திற்குக் கிரேக்க மொழிபெயர்ப்பில் வழங்கிய அதே சொல்லை இயேசுவுக்கு வழங்குகின்றார். எபிரெயர்க்கு எழுதிய நிருபம், விலங்குகளின் குருதி பாவத்தைப் போக்கமாட்டாது என வெளிப்படையாகவே கூறி, பலியிடும் குருவும் பலியாகும் பொருளும் இயேசு ஒருவரே என்றும், அப்பலி ஒரேமுறை நிகழ்ந்து முற்றுப்பெற்றது என்றும் நிறுவும்.

3. ஆசிரியர் கூறும் விளக்கங்கள்

அம்மரணத்தால் மீட்பு உண்டாயிற்று என்பதிற் கிறித்தவர் ஒருமைப்பட்டவர். எவ்வாறு உண்டாயிற்று என்பதில் அவர் ஒருமைப்பட்டிலர். கி. பி. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்சுதாந்திநோபிளிலும் கூடிய சங்கங்கள் நம்பொருட்டும் நம் மீட்பின்பொருட்டும் என்னும் அளவில் நின்றன. மீட்பின் முறையை வரையறுத்தில.

பண்டைய ஆசிரியர் பலர் வென்று மீட்டல் என்னும் பொருளையே பெரிதும் கொண்டனர். பாவம், மரணம், சாத்தான் ஆகிய கொடுங்கோலர்க்கு மனிதர் அடிமைப்பட, கிறித்து அவர் கோட்டையுட் புகுந்து அவரை வென்றனர் என்ப. மீட்கும்பொருள் சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒரிகனும், நான்காம் நூற்றாண்டினராகிய நீசாவின் கிரகோரியும் உரைத்தனர். கள்வனுக்கு உரிமையேது, அவனுக்கு விலை கொடுப்பானேன் என்று அவர் காலத்தவராகிய நசியான்சின் கிரகோரி அதனை மறுத்தனர்.

காண்டர்பரியின் பேராயராகிய அன்செலம் 1098-இல் முடித்த நூலில் வேறொரு முறையை வகுத்தனர். கடவுளுக்குரிய கீழ்ப்படிதலைக் கொடாமையே பாவம். அதனால் உண்டாய கடன் அளவிறந்தது. அதனை இறுத்தற்கு உரியவன் மனிதன், இறுக்க வல்லவர் கடவுள். ஆகவே கடவுளே மனிதராதல் வேண்டிற்று என்பது அவர் வாதம். அவர் ஈடுசெய்தலையும் தண்டனையையும் ஒன்றற்கொன்று மாற்றாக வைத்தனர். ஆதலின் அவர் கொள்கையிற் கிறித்து தண்டிக்கப்பட்டாரல்லர். கடனின்றித் தாமே கொடுத்தனர்.

அவர்க்குப் பின்வந்த பீற்றர் அபெலார்டு (1079–1142), சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி நம் நெஞ்சை உருக்கி அன்பால் நம்மை விடுவிப்பது என்றனர். நீதிநூல் பயின்ற கால்வின் (1509–1564), நமக்குரிய தண்டனையைக் கிறித்து தாம் ஏற்றனர் என வலியுறுத்தினர். நம் நாட்டுத் தெருக்களிற் பிரசங்கிகள் பலர் வாயிலாக நாம் கேட்டது பெரும்பாலும் இவ்விறுதிக் கொள்கையே. அதனையே கிறித்தவ மதம் முழுதும் எனக் கொண்டமை நம் பிழை. சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் அவுலேன் 1931-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில், பண்டையோர் கொண்ட வெற்றிக்கொள்கையே முதன்மையானது எனக் காட்டினர்.

4. தடையும் விடையும்

இனி, முற்கூறிய இரு வினாக்களையும் நோக்குவாம்.

சினந்தணித்தற் பொருட்டுக் குருதி வேண்டப்பட்டதோ எனின், இதன்கண் அவருள்ளேயே வழக்குண்டு. பவுல் வழங்கிய கிரேக்கச் சொற்குச் சினந்தணித்தல் என்று பொருள் கொள்வாரும் உளர். மாசு கழுவுதல் என்று கொள்வாரும் உளர். முன்னையது கடவுளிடத்தும், பின்னையது பாவத்தினிடத்தும் நிகழும் தொழிலாம். சி. எச். டாட்டு என்னும் ஆசிரியர் பின்னதையே வற்புறுத்தினர். பிறர் அவரை மறுத்தனர். இருவரும் ஒப்புவது ஒன்று: பவுல் கொரிந்தியர்க்கு எழுதுமிடத்துக் கடவுள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கின்றாரேயன்றி, உலகத்தோடு கடவுள் ஒப்புரவாக்கப்பட்டார் என்கின்றிலர். மேலும், கிறித்து கடவுளுக்கு அயலாய மூன்றாமவர் அல்லர் என்பது அவர் துணிபு. எனவே அன்பில்லாத கடவுளை அன்புடைய ஒருவர் சாந்தப்படுத்தினர் என்பது அவர் கொள்கையன்று. கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் ஒருவரே என்பதாம்.

ஒருவன் வினை மற்றொருவனாற் கழியுமோ எனின், இதனை நம்மினும் கூர்மையாக வினவினார் அவருள்ளேயே உளர். இத்தாலி நாட்டிற் பிறந்த பௌஸ்து சொசினு 1594-இல் அச்சிட்ட நூலில், பணக்கடனைப் பிறன் இறுக்கலாம், தண்டனையைப் பிறன் ஏற்றல் நீதியன்று என்றும், கடன் இறுக்கப்பட்டதாயின் மன்னிப்பு ஏது என்றும் கேட்டனர். குற்றக்கடன் எல்லாக் கடனினும் தன்னைச் சார்ந்தது, பிறர்க்கு மாற்றத்தகாதது எனக் கான்று 1793-இல் எழுதினர்.

இதற்கு அவர் கூறும் விடைகளுள் வலியது ஒன்றுண்டு. கிறித்துவும் அவரைச் சார்ந்தோரும் வெவ்வேறாய இருவர் அல்லர். தலையும் உறுப்புக்களும் போல ஓராள் எனத்தக்கவர் என்று அக்குவினாவின் தோமா உரைத்தனர். பவுலும், திருமுழுக்கிற் கிறித்துவோடு உடன் இறந்து உடன் எழுகின்றோம் என்கின்றனர். ஆகவே அவர் இறந்தார், நாம் தப்பினோம் என்பதன்று. அவர் மரணத்துள் நாமும் புகுந்து பழைய வாழ்வுக்கு இறத்தல் வேண்டும் என்பதே கருத்து. மேற்கூறிய உறவினனாகிய கோஏலின் கருத்து ஈண்டு நிறைவுறுகின்றது. உறவால் ஒன்றாகாதவிடத்து மீட்பும் இல்லை. மனந்திரும்பாது பலியின் பயனை மட்டும் கொள்வான் ஒருவனை அவர் நூல்களும் ஏற்கா.

இதனாற் சைவமும் கிறித்தவமும் ஒன்றென்றல் பொருந்தாது. இறைவன் நஞ்சுண்டமையைச் சிலுவையோடு ஒப்பிடுவாரும் உளர். பிறர்க்காக ஏற்றல் என்னும் அளவில் ஒப்புமை உண்டு; ஆயின் நஞ்சுண்டவன் இறந்திலன், நஞ்சு பிறர் பாவமுமன்று. மெய்யான வேறுபாடுகள் பிறவிடத்து உள்ளன. கட்டு அநாதியாகிய ஆணவமலத்தால் என்பர் நம்மவர். சிருட்டிக்கப்பட்ட உயிர் தன் விருப்பாற் பாவத்தில் வீழ்ந்தது என்பர் அவர். பிறவி பல என்பர் நம்மவர். ஒன்றே என்பர் அவர். இறைவன் பிறப்பிலி என்பது நம் துணிபு. அவர் ஒரு நாட்டில், ஓர் ஆளுநன் காலத்தில் பிறந்து இறந்தார் என்பது அவர் துணிபு. வாதம் நிகழ்த்தற்குரிய களம் இதுவே. குருதி வேட்கையுடைய கடவுள் என்பதும், பிறன் தலையில் வினையை ஏற்றித் தப்புதல் என்பதும் அக்களத்திற்குப் புறம்பானவை.

அவ்வவையில் என்னோடு வாதித்த கிறித்தவ முதியவர், யான் பேசி முடித்ததும் மறுமொழி கூறாது, "ஐயா, தாங்கள் கூறிய கடவுளை நானும் நம்பவில்லை" என்று மட்டும் சொல்லி அமர்ந்தனர். அன்று அதனை அவர் தோல்வி என எண்ணினேன். அவர் கூறியது விடையே என்பதனை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. பரபக்கத்தைப் பிழைபடக் கூறுவான் சுபக்கத்திற்கும் வலிமை தேடியவனாகான் என்பதனை அன்பர்கள் உளங்கொள்வார்களாக.