வளையுமா இந்த உடம்பு? நாஞ்சில் நாட்டுக் களரியில் ஒரு மாணவனின் ஓராண்டு

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்டு வைத்தார்கள். ஐந்து வயதுக்கும் விடை தெரியும். ஐம்பது வயதுக்கும் விடை தெரியும். நடுவிலே பதினெட்டு என்று ஒரு வயது இருக்கிறதே, அதற்கு என்ன விடை?

கல்லூரியில் காலெடுத்து வைக்கும் வயது அது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பன்னிரண்டு ஆண்டு குனிந்திருந்த முதுகு. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து முன்னே சரிந்த கழுத்து. கீழே விழுந்த பேனாவை எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கியாக வேண்டும். இப்படிப்பட்ட ஒரு வாலிபன், "என் உடம்பை வளைத்தே தீருவேன்" என்று புறப்பட்டால் என்ன நடக்கும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நம் மாணவனுக்குப் பெயர் வேண்டாம். தக்கலையிலிருந்து தினமும் பஸ் ஏறி நாகர்கோவிலில் படிக்கிற நூற்றுக் கணக்கான பிள்ளைகளில் ஒருவன் என்று மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும்.

நான்கு ஆசைகள்

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் நான்கு ஆசைகளை எழுதி வைத்திருக்கிறான். ஒன்று: முழங்கால் மடங்காமல் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிக்க வேண்டும். இரண்டு: தன் தலை உயரத்துக்குக் காலை வீச வேண்டும். மூன்று: இரு கால்களையும் இரு பக்கமும் விரித்துத் தரையோடு தரையாக உட்கார வேண்டும். நான்கு: பொத்தையடிக்குப் பக்கத்திலுள்ள மருந்துவாழ் மலையில் எங்கும் நில்லாமல் உச்சி வரை ஏற வேண்டும்.

ஆசைகள் பெரியவைதாம். ஆனால் அவற்றுக்கு ஏற்ற மண்ணில்தான் அவன் பிறந்திருக்கிறான். தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களின் வயல்வெளிதான் நாஞ்சில் நாடு. அதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு. இந்த வட்டாரம் முழுவதிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருவது அடிமுறை என்னும் தற்காப்புக் கலை. வர்ம அடி என்றும், தெற்கன் களரி என்றும் இதைச் சொல்வார்கள். 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி முறிந்த பிறகு திருவிதாங்கூரின் படைகள் கலைக்கப்பட்டன. படை போயிற்று, கலை போகவில்லை. அது தென்னந்தோப்பிலும் வீட்டு முற்றத்திலும் ஆசான்களின் கையில் உயிர் வாழ்ந்தது. 2020-ல் வெளிவந்த 'பட்டாஸ்' திரைப்படம் அடிமுறை என்ற சொல்லைத் தமிழகத்தின் மற்றப் பகுதிகளுக்கும் கொண்டு போயிற்று.

முதல் நாள் பாடம்

வடமலையாளத்துக் களரி என்றால் தரையைப் பள்ளமாகத் தோண்டி, ஓலைக் கூரை வேய்ந்திருப்பார்கள். தெற்கே அந்த ஆடம்பரம் அவ்வளவு இல்லை. திறந்த வெளி போதும். நம் மாணவன் ஒரு விடியற்காலையில் அப்படிப்பட்ட முற்றத்துக்கு வந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆசான் முன்னால் நிற்கிறான்.

"ஆசானே, ஆறு மாசத்துல காலை விரிச்சு உட்காரணும்."

"அது கெடக்கட்டும் மக்கா. முதல்ல நேரா நில்லு, பாப்போம்."

நேராக நிற்பதா ஒரு பாடம்? ஆம், அதுதான் பாடம்! பாதம் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகு கோணாமல் சிறிது நேரம் நின்று பார்த்தால் தெரியும். தொடை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை பொடிக்கிறது. வளைவதற்கு முன்னால் தாங்க வேண்டும் என்பது களரியின் கணக்கு. பலமில்லாத வளைவு வெறும் தளர்ச்சி. வளைவில்லாத பலம் வெறும் விறைப்பு.

நின்று பழகிய பிறகே அடி பெயர்ப்பது. அதற்குச் சுவடு என்று பெயர். ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு என்று அது படிப்படியாக வளரும். தாழ்ந்து, எழுந்து, திரும்பி, வெட்டி, தடுத்து ஆடுகிறபோது இடுப்பும் தொடையும் தோளும் தாமாகவே விரிவடைகின்றன. நீட்சி என்று தனியாக ஒரு தண்டனை அங்கே இல்லை. அசைவுக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது.

தசை ஏன் முரண்டு பிடிக்கிறது?

இங்கே கொஞ்சம் உடற்கூறு பேச வேண்டும். நம் தசைகளுக்குள் மிக நுண்ணிய காவற்காரர்கள் இருக்கிறார்கள். தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை நொடிக்கு நொடி நரம்பு வழியே தெரிவிப்பது அவர்கள் வேலை. திடீரென்று வெடுக்கென இழுத்தால், "ஆபத்து!" என்று செய்தி போகிறது. உடனே தசை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்குகிறது. நாம் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுக்கிறோமோ அவ்வளவு முரட்டுத்தனமாக அது எதிர்க்கிறது. மெதுவாக நீட்டி, மூச்சை ஒழுங்காக விட்டு, பத்து முதல் முப்பது விநாடி வரை அப்படியே நிறுத்தினால் காவற்காரர்கள் அமைதியடைகிறார்கள்.

சில வாரங்களில் உடம்பு கூடுதலாக வளைகிறதே, தசை நீளமாகிவிட்டதா என்று கேட்கலாம். பெரும்பாலும் இல்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்த இழுப்பை இன்னும் சிறிது தூரம் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. தொடக்க கால முன்னேற்றத்தில் பெரும் பங்கு அதுவே. வளைவு என்பது பலவந்தம் அல்ல. உடம்போடு செய்துகொள்ளும் சமாதானம். பதறாத காரியம் சிதறாது என்பது இதற்கும் பொருந்தும்.

மூன்றாவது வாரம்

எந்த அப்பியாசத்துக்கும் மூன்றாவது வாரம்தான் கண்டம். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் உடல் வலி. மூன்றாம் வாரம் சலிப்பு. கைப்பேசியில் யாரோ ஒருவன் முப்பதே நாளில் காலை விரித்து உட்கார்ந்து சிரிக்கிறான். நம் மாணவனுக்குப் பொறுக்கவில்லை. நண்பனைக் கூப்பிட்டு, "முதுகுல ஏறி அமுக்குலே" என்கிறான். அமுக்கியதும் தொடையின் பின்பக்கத்தில் சுரீர் என்று ஒரு வலி!

இந்த இடத்தில்தான் எத்தனையோ வாலிபர்களின் ஆசை முடிந்து போகிறது. பழக்கமில்லாத பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் சதை கடுப்பது இயல்பு, தானே தணிந்துவிடும். சுரீர் என்று குத்துகிற வலியும், வீக்கமும், கன்றிய நிறமும் அப்படியல்ல. உடனே நிறுத்த வேண்டும்; மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிவதே ஒரு கல்வி.

நம் மாணவன் அதிர்ஷ்டசாலி. சிறு காயம்தான். சில வாரம் விலகியிருந்துவிட்டுத் தலை குனிந்தபடி திரும்பி வருகிறான். ஆசான் திட்டவில்லை. "உடம்பு உன்கிட்ட பேசிச்சு மக்கா. நீதான் கேக்கல" என்கிறார். மறுபடியும் நேராக நிற்பதிலிருந்து பாடம் தொடங்குகிறது.

அளந்து பார்ப்போம்

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்தால் ஊக்கம் வரும். அதற்கு எளிய வழி உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் மடங்காமல் கையை முன்னே நீட்டி எட்டிய தூரத்தை அளப்பது. 1952-ல் அமெரிக்காவில் வெல்ஸ், டில்லன் என்ற இருவர் வகுத்த சோதனை இது. இன்று நம் நாட்டுப் பள்ளிகளில் கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்விலும் இது இடம் பெற்றிருக்கிறது. ஓர் அடிக்கோல் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். நாள்தோறும் அளக்க வேண்டாம். மாதம் ஒரு முறை போதும். நாற்றை நட்டவன் தினமும் பிடுங்கி வேரைப் பார்ப்பதுண்டா?

ஓராண்டு ஓடுகிறது. கணக்குப் பார்ப்போமா? உள்ளங்கைகள் தரையைத் தொட்டுவிட்டன. கால் வீச்சு தோள் உயரத்துக்கு வந்திருக்கிறது. தலைக்கு இன்னும் பாக்கி. முன்பு ஐந்து இடத்தில் உட்கார்ந்து ஏறிய மருந்துவாழ் மலையில் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறான். உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு கடலைப் பார்க்கிறான். கால் விரிப்பு மட்டும்? தரைக்கும் அவனுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண்.

அந்த ஒரு சாண் ஒருவேளை நிரம்பாமலே போகலாம். இடுப்புக் குழியும் தொடை எலும்பும் பொருந்தும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பு எலும்பில் முட்டும் இடத்தில் பயிற்சிக்கு வேலையில்லை. இது தோல்வியா? இல்லை. தன் உடம்பின் எல்லையைக் கற்பனையால் அல்லாமல் உழைப்பால் கண்டறிந்தவன் தோற்றவன் ஆகமாட்டான்.

வர்மம் காத்திருக்கும்

அடிமுறையின் உச்சம் வர்மம். உடம்பில் நூற்றெட்டு வர்மங்கள். பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்று ஏடுகள் சொல்கின்றன. அடித்தால் ஆளை வீழ்த்தும் இடங்கள் அவை. ஆகவே பொறுமை இல்லாதவனுக்கு ஆசான் அவற்றைக் காட்டமாட்டார். காட்டுகிறபோது, வீழ்ந்தவனை எழுப்பும் வைத்தியத்தையும் சேர்த்தே கற்பிப்பார். அடிக்கத் தெரிந்தவனுக்கு ஆற்றவும் தெரிய வேண்டும் என்பது இந்த மண்ணின் நீதி. இதே மாவட்டத்து முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி ஒன்று இருப்பதும் பொருத்தமானதே.

வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சியம்மாள் சிறு வயதிலே கற்கத் தொடங்கியவர். எழுபது வயதைத் தாண்டியும் வாள் வீசியவர். 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கோவையின் யோகாசனப் பாட்டி நானம்மாள் 2018-ல் அதே விருதைப் பெற்று, மறு ஆண்டு தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். இவர்கள் வளைந்தது ஒரு மாதத்தில் அல்ல, ஒரு வாழ்நாளில்.

பழமொழியை மறுபடியும் எடுத்துக்கொள்வோம். ஐந்தில் வளைந்தால் எளிது, சந்தேகமில்லை. பதினெட்டிலும் வளையும், ஆனால் கேட்டால்தான் வளையும், அதட்டினால் வளையாது. நாளை விடியற்காலையில் பத்து நிமிஷம் ஒதுக்கி, முதலில் நேராக நின்று பாருங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும் என்கிறபோது, நம்முடைய முதுகு நகராதா என்ன?