நிறுத்திப் பார்க்கக்கூடிய விண்வெளிக் கதை

தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஒளிபரப்பாகும்போது, அதைக் காண்பவர் அதன் வேகத்திற்குக் கட்டுப்பட்டவராகிறார். ஐயம் எழுந்தாலும் காட்சி அவருக்காகக் காத்திருப்பதில்லை. அதே தொடர் வீடியோ நாடாவிலோ குறுந்தகட்டிலோ வீட்டிற்கு வந்துவிட்டால் இந்நிலை மாறுகிறது. காட்சியை நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம், "இது நடக்கக்கூடியதா?" என்று அருகிலிருப்பவரை வினவலாம். விஞ்ஞானக் கதைகளைப் போதனைக்குப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியருக்கு இது பெரியதொரு வசதியாகும்.

இவ்வகைக்கு நல்லதோர் உதாரணம் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொடர். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் தொடங்கி, 1969-ஆம் ஆண்டு ஜூன் வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. 1980-களில் நமது தூர்தர்ஷனிலும் இது இடம் பெற்றது. 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பல் நட்சத்திரங்களினிடையே பயணம் செய்து, புதிய உலகங்களைக் காண்பதே இதன் கதை. இன்று இதனை மீண்டும் காண்போர், கதையை அளந்து பார்க்கும் அளவுகோலை நெடுந்தொலைவில் தேட வேண்டியதில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே அது கிடைக்கிறது.

முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டியது செய்தித் தொடர்பு. கப்பலின் தலைவர் பெரும்பாலும் வெகு தொலைவிலுள்ளவர்களுடன் நேரில் பேசுவதுபோல் உரையாடுகிறார். இயற்கை இதற்கு இடம் தருவதில்லை. வானொலி அலைகள் ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2013-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஏவப்பட்ட மங்கள்யான், 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் செவ்வாயை அடைந்தபோது பூமியிலிருந்து ஏறத்தாழ 22 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு செய்தி ஒரு வழி செல்வதற்கே சுமார் 12 நிமிடங்கள் ஆயின. ஆகவே, எஞ்சினை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டளைகள் அனைத்தும் முன்கூட்டியே விண்கலத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தன. பூமியிலிருந்தோர் முடிவை அறியக் காத்திருக்க மட்டுமே முடிந்தது.

இரண்டாவது, கிரகங்களை ஆராயும் முறை. கப்பலின் கருவி ஒரு கிரகத்தின் வளிமண்டலத்தைக் கண நேரத்தில் ஆராய்ந்து விவரம் கூறிவிடுகிறது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் நம் தலைக்கு மேலுள்ள காற்றை எவ்வாறு ஆராய்கிறது என்பதை இதனுடன் ஒப்பிடலாம். அங்குள்ள ரேடாரில் 1,024 ஆன்டெனாக்கள் 130 மீட்டர் சதுரப் பரப்பில் வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மேல்நோக்கி அனுப்பப்படும் அலைகளில் மிகச் சிறு பகுதியே காற்றின் கொந்தளிப்பினால் சிதறித் திரும்புகிறது. அந்த மெல்லிய எதிரொலியில் ஏற்படும் அதிர்வெண் மாறுதலைக் கொண்டு காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படுகின்றன. இத்தனை பெரிய அமைப்பும் தருவது விடையின் ஒரு பகுதியையே. காற்றில் என்னென்ன வாயுக்கள் உள்ளன என்பதை அறிய வேறு கருவிகள் வேண்டும்.

மூன்றாவது, மனிதரை ஓரிடத்தில் மறையச் செய்து மற்றோரிடத்தில் தோன்றச் செய்யும் சாதனம். வாரந்தோறும் பெரிய கப்பல் தரையிறங்கும் காட்சியை அமைப்பதற்குச் செலவு மிகுதியாகும் என்பதாலேயே தயாரிப்பாளர்கள் இதைக் கற்பித்தனர். கற்பனையின் பிறப்பிடம் சில வேளை கணக்குப் புத்தகமாகவும் இருக்கும் என்பதை மாணவர் அறிவது நன்று.

நான்காவது செய்தியே முக்கியமானது. தொடரில் எந்தப் பழுதும் ஏறத்தாழ 50 நிமிடங்களில் சரியாகிவிடும். ஸ்ரீஹரிக்கோட்டாவின் வரலாறு வேறு. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்த ஒரு வால்வின் பழுதே அதற்குக் காரணம். அப்பழுதைக் கண்டறிந்து, திருத்தி, மீண்டும் முயல ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அத்தளம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது.

பாடம் நடத்த முற்படுவோர் இரண்டு விவரங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும். இத்தொடர் 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டமையால், பிற்காலத்தில் தெளிவு மிகுந்த புதிய பிரதியைத் தயாரிக்க முடிந்தது. 2006 முதல் கிரகங்களும் விண்கப்பலும் கணிப்பொறியால் புதிதாக வரையப்பட்டன. 2009-இல் வெளிவரத் தொடங்கிய புளூ-ரே தகடுகளில் பழைய காட்சி, புதிய காட்சி இரண்டையும் காணலாம். ஒரே கிரகத்தை இரு காலத்தினர் எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதை வகுப்பில் ஒப்பிடுவதற்கு இது ஏற்றது. இரண்டாவதாக, பழைய காந்த நாடாக்கள் காலப்போக்கில் நலிவடைபவை. அவற்றை ஓட்டும் கருவிகளின் தயாரிப்பும் 2016-இல் நின்றுவிட்டது. பள்ளியிலோ கள அலுவலகத்திலோ உள்ளூர்ப் பதிவுகள் ஏதேனும் நாடாவில் இருப்பின், இயங்கும் கருவி கைக்கு எட்டும்போதே அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றிவிடுதல் வேண்டும்.

ஒரு பகுதியை முழுவதும் காட்டுவதைவிட, பத்து நிமிடக் காட்சியில் மூன்று இடங்களில் நிறுத்தி வினா எழுப்புவது மிகுந்த பயன் தரும். விடைகளை மாணவரே எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து அடுத்த ராக்கெட் எழும்பும் நாளில் அக்குறிப்பேடுகளை மீண்டும் திறந்தால், கதை எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.