நோயாளரின் உடலும் மொழியும்: தாதியரின் உடற்பரிசோதனை பற்றிச் சில குறிப்புகள்

தாதியர் நோயாளரைப் பரிசோதித்தல் கைத்திறன் சார்ந்த கருமம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. கையைக் கழுவுதல், திரையை இழுத்தல், நாடியை எண்ணுதல் என்னும் ஒழுங்கில் அது கற்பிக்கப்படுகின்றது. அவ்வொழுங்கின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. ஆயின், பரிசோதனை என்பது ஓர் உடலை வாசிப்பது. வாசிப்புக்கு மொழி வேண்டும். மொழியோ சமூக உறவுகளுக்குப் புறம்பாக நிற்பதன்று.

முதலில் கருமத்தை நோக்குவோம். நல்ல வெளிச்சம், மறைப்பு, குளிராத கை, நோயாளரின் சம்மதம் ஆகியன ஆயத்தங்கள். வயிற்றைச் சோதிப்பதாயின் சிறுநீர் கழித்து வரச் சொல்லல் வேண்டும். பின்னர் பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல். தட்டியறியும் முறையை வியன்னாவின் அவுவன்புறுக்கர் 1761இல் வெளியிட்டார். மதுப்பீப்பாயைத் தட்டி அளவறியும் விடுதிக்காரரின் மகன் அவர். உழைப்பாளரின் அன்றாட அறிவு விஞ்ஞானமானதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. வயிற்றில் மட்டும் இவ்வரிசை மாறும். கை பட்டால் குடலோசை மாறிவிடுமாதலால் தொடுமுன் கேட்டல் வேண்டும். நோகும் இடத்தை இறுதியிலேயே தொடுதல் வேண்டும்; அப்பொழுது தாதியின் கண் வயிற்றிலன்றி முகத்தில் இருத்தல் வேண்டும். சுவாசத்தை எண்ணுவதாக நோயாளருக்குச் சொல்லலாகாது. சொன்னால் மூச்சின் இயல்பு கெடும். நாடி பிடித்த கையை எடுக்காமலே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவது வழக்கம்.

மேலைப் பாடநூல்கள் நெடுங்காலம் வெள்ளைத்தோலையே அளவுகோலாகக் கொண்டன. எம்மவரின் குருதிச்சோகையைக் கன்னத்தில் தேடிப் பயனில்லை; கீழிமையின் உட்புறத்திலும் நாவிலும் உள்ளங்கையிலும் தேடவேண்டும். பாடநூல் காட்டும் 'பொது உடல்' எவருடையது என்பது விடுக்கத்தக்க வினாவே.

எமது சித்த வைத்திய மரபின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் என்பவற்றோடு 'மொழி'யும் ஒன்று. அங்கு அது நோயாளரின் குரலையும் பேச்சையும் குறிக்கும். இன்றைய கொழும்பில் அச்சொல்லுக்கு மற்றொரு கனம் உண்டு.

துறைமுகத்தை அண்டிய கொச்சிக்கடையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவரும் மலையகத்திலிருந்து வந்தோரும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் பகுதி அது. ஆயின் அனைவரும் பேசுவது ஒரே தமிழன்று. ஒருவருக்குத் தலையிடி, மற்றவருக்குத் தலைவலி. ஒருவர் சத்தி எடுப்பார், மற்றவர் வாந்தி எடுப்பார். யாழ்ப்பாண மூதாட்டி 'முட்டு' என்று சொன்னால் அது மூச்சு முட்டும் வருத்தம் என அறியாதவர், அவரது சுவாசத்தை ஊன்றிக் கவனியாது விடக்கூடும். குத்து, உளைவு, எரிவு, கடுப்பு என்பன வெவ்வேறு நோவுகள். படிவத்தில் அவையனைத்தும் 'நோ' என்ற ஒன்றாகிவிடுகின்றன. தொழில் என்ற இடத்திலும் 'கூலி' என்று எழுதுவதோடு வேலை முடிகிறது. எதைச் சுமந்தார், எந்தத் தோளில், எத்தனை ஆண்டு என்று கேளாமல் அவர் முதுகைத் தொட்டறிய முடியுமா?

தமிழ் இதற்குப் போதாது என்பாருக்கு வரலாறு விடை கூறுகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம் 1857இலும் மனுஷ அங்காதிபாதம் 1872இலும் அச்சேறின. மிஷனரியின் நோக்கத்தை நாம் அறியாதோரல்லேம். எனினும் அப்பணி பெரும்பணி. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியோ ஆங்கிலத்தில் இயங்கியது. உத்தியோகம் ஆங்கிலத்தின் வழியே கிடைத்தது. கிறீனின் முயற்சி தேய்ந்தமைக்குக் காரணம் அங்குளது, சொற்பஞ்சத்தில் அன்று.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் கட்டிலருகே வந்து சேர்வது வேறு காரியம். தாதிக்குத் தமிழ் தெரியாதவிடத்து அடுத்த கட்டிற்காரரோ, உடன்வந்த பிள்ளையோ மொழிபெயர்க்க வேண்டியதாகிறது. தாயின் வயிற்று நோவைப் பத்து வயது மகன் எடுத்துச் சொல்லிவிடுவான். கடைசி மாதவிடாய் எப்போது என்று தாதி அடுத்துக் கேட்பார். மகனுக்கு அக்கேள்வி விளங்காது. விளங்கினாலும் தாய் அவனிடம் விடை சொல்லமாட்டாள். படிவத்தில் அவ்விடம் வெறுமையாக இருக்கும்.