நீச்சலை நம்பாதே, கொக்கியை மாட்டு

பாய்மரப் படகு என்றாலே பிரெஞ்சுக்காரர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் எரிக் தபார்லி. அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் பந்தயத்தில் 1964, 1976 என இருமுறை வென்றவர். 1998 ஜூனில் ஸ்காட்லாந்து போகும் வழியில், வேல்ஸ் கரைக்கு அப்பால், இரவில் பாய் மாற்றும்போது பாய் தாங்கும் கட்டை அடித்துக் கடலில் விழுந்தார். பாதுகாப்பு வார் கட்டியிருக்கவில்லை, லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. கூட வந்தவர்கள் தேடியும் பலனில்லை. ஐந்து வாரம் கழித்து மீன்பிடிப் படகு ஒன்றின் வலையில் உடல் சிக்கியது.

ஆட்கள் இருந்தும் ஏன் காப்பாற்ற முடிவதில்லை? 10 நாட் வேகத்தில் போகும் படகு ஒரே நிமிடத்தில் 300 மீட்டர் தாண்டிவிடும். அலைகளுக்கு நடுவே தலை மட்டும்தான் தெரியும், அதுவும் விட்டுவிட்டு. அதனால் யாராவது விழுந்தால் படகில் ஒருவருக்கு ஒரே வேலைதான்: கண்ணை எடுக்காமல் அந்தத் திசையைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது. இன்னொருவர் ஜிபிஎஸ் கருவியில் இடத்தைப் பதிவுசெய்வார்.

நீச்சல் தெரியும் என்ற தைரியம் குளிர்கடலில் செல்லாது. உறையும் குளிர்நீர் பட்டதும் மூச்சு தானாக இழுக்கும். அந்த நேரம் அலை அடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குள். அந்த மூச்சிழுப்பு அடங்க சுமார் 1 நிமிடம் ஆகும். கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கத்தான் லைஃப் ஜாக்கெட். 2014-இல் வட பசிபிக்கில் ஒரு பந்தய வீரர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதந்தும் உயிரோடு மீண்டார். நீர்புகா உடையும், இருப்பிடம் காட்டும் சிறு கருவியும் அவருக்குக் கைகொடுத்தன.

என்றாலும் விழாமல் இருப்பதுதான் பெரிய காரியம், அதற்கு வார் வேண்டும். அதிலும் நீளமான வார் ஆளை அரைகுறையாகத்தான் காக்கும்: விழுந்தவர் படகோடு நீரில் இழுபட்டே மூழ்கலாம். குட்டை வாரை, படகின் ஓரத்தில் அல்லாமல் நடுவில் ஓடும் கயிற்றில் மாட்டுவது நல்லது. வாரின் கொக்கியையும் பார்க்க வேண்டும். 2017-இல் கிளிப்பர் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஒருவருடைய கொக்கி, தளத்திலிருந்த கயிறு கட்டும் இரும்புக்கு அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து விட்டுவிட்டது, அவர் பிழைக்கவில்லை. நேராக இழுத்தால் எவ்வளவோ பாரம் தாங்கும் கொக்கிதான் அது.

ஆள் கிடைத்த பிறகும் ஆபத்து ஓயாது. குளிரில் நெடுநேரம் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், இதயம் நின்றுபோகவும் கூடும். முடிந்தவரை படுத்தவாக்கில் தூக்க வேண்டும்.