பாசிட்டிவ் வந்தால் அடுத்தது என்ன?

உட்காருங்கள் அண்ணாச்சி, டீ குடித்துக்கொண்டே பேசுவோம். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மைத்துனருக்கு மல டிஎன்ஏ சோதனையில் 'பாசிட்டிவ்' வந்ததும் மும்பை தாராவி வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. அந்தச் சோதனை முடிவுத் தாள் சொல்வது வேறு.

குடலின் உட்சுவரிலிருந்து தினமும் செல்கள் உதிர்ந்து மலத்தோடு போகின்றன. புற்றுக்கட்டியோ, பின்னாளில் புற்றாகக்கூடிய 'பாலிப்' என்ற சதை வளர்ச்சியோ உள்ளே இருந்தால் அதன் செல்களும் உதிரும். அந்தச் செல்களின் டிஎன்ஏ மாற்றங்களையும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் சேர்த்துத் தேடுவதுதான் 'கோலோகார்ட்'. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதே ஆண்டு வெளியான ஆய்வில் ஏறக்குறைய 10,000 பேரைச் சோதித்தார்கள். 65 பேருக்குக் குடல் புற்று இருந்தது. 60 பேரைச் சோதனை பிடித்தது. ஆனால் பாசிட்டிவ் வந்தவர்கள் சுமார் 1,600 பேர்! அதாவது பாசிட்டிவ் வந்த 100 பேரில் ஏறத்தாழ 4 பேருக்குத்தான் புற்று. இன்னும் 20 பேருக்கு ஆபத்தான பாலிப். மற்றவர்களுக்குச் சின்ன பாலிப், அல்லது ஒன்றுமே இல்லை.

அதற்காகத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது. மறுபடி மலத்தை அனுப்பி 'நெகட்டிவ்' வாங்கி மனதைத் தேற்றிக்கொள்வதும் தவறு. கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்க்கும் 'கொலோனோஸ்கோபி' செய்தே ஆகவேண்டும். முதல் நாள் பேதி மருந்து குடிப்பதுதான் பெரும்பாடு. பாலிப் தென்பட்டால் அந்தக் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கு விட்டுப் பெரும்பாலும் அப்போதே அறுத்தெடுத்துவிடுவார்கள். புற்று வருவதற்கு முன்பே தடுக்கும் வாய்ப்பு அது. பயத்தில் அதை இழக்கலாமா?

நெகட்டிவ் வந்தவருக்கும் ஒரு வார்த்தை. அந்த 65 பேரில் 5 பேரைச் சோதனை தவறவிட்டது. அதனால்தான் 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. இந்திய அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும்தான் பார்க்கிறது. குடல் அதில் இல்லை. இங்கே மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்', 'உடம்புச் சூடு' என்று மோர் குடித்தே மாதங்களை ஓட்டுகிறோம். எனக்கு வருத்தம் அதில்தான். டிஎன்ஏ சோதனை தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கானது. ரத்தம் போகிறவர், காரணமில்லாமல் இளைப்பவர், மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. பரேலில் 1941 முதல் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. மைத்துனருக்கு இன்றே போன் போட்டு கொலோனோஸ்கோபிக்குத் தேதி வாங்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் போனால் கூச்சப்படாமல் நாளைக் காலையே சயானுக்குக் கூட்டிப் போங்கள்.